வெள்ளியில் ஒரு வலது கை

சவுதியின் அல் கோபாரில் நாங்கள் குடியிருக்கும் பில்டிங்கின் பின்சுவரில் ஒரு வட்டம் இருக்கிறது. என் மகன் பந்தெறிந்து பழகிய இடம் அது. வாட்ச்மேன் அதன்மேல் எத்தனை தரம் பெயிண்ட் அடித்தாலும், ஆகஸ்டுப் புழுக்கம் வந்து சுவர் வேர்க்கத் தொடங்கினால் வட்டம் மறுபடி தெரிய ஆரம்பிக்கும். அவன் அமெரிக்கா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் சமையலறை ஜன்னலோரம் நின்று வெங்காயம் நறுக்கும்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். டொப். பிறகு பந்து அவனிடம் திரும்பிப் போகிற நேரத்துக்கு ஒரு மௌனம். பிறகு அடுத்த டொப் வரவேண்டும். நான் கத்தியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். அது வராது.

என் கணவரிடம் இதைச் சொன்னால் அவருக்குக் கேலி. "ஏட்டி, காத ஒங்க ஆஸ்பத்திரியிலயே காட்டு. ஸ்டாஃப்புக்கு ஃப்ரீதான" என்பார். சொல்லிவிட்டு அவரும் ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

மகனுக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். நாங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். எங்கள் ஊரில் அதை நொட்டாங்கை என்பார்கள். சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பார்கள். நொட்டாங்கையால் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். இங்கே வந்தால் கீழே பக்காலா என்கிற மளிகைக் கடைக்காரரும் அப்படித்தான், சிறுவன் இடது கையால் ரியாலை நீட்டினால் வாங்காமல் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குக் கோபம் வரும். பிள்ளையின் கையை அடித்து மாற்றுகிற ஜாதி இல்லை நான். ஒரே ஒரு விஷயத்தில்தான் கறாராக இருந்தேன். "சோத்துக்கையால தின்னு மக்களே. மத்தக் கையால என்னத்த வேணா செய்யி." அவனும் அப்படியே வளர்ந்தான். வலது கை சோற்றுக்கு, இடது கை மற்ற எல்லாவற்றுக்கும்.

என் கணவர் ஏசி டெக்னீஷியன். எண்ணெய் வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு வசிக்கும் ஒரு காம்பவுண்டில் அவருக்குக் கான்ட்ராக்ட் வேலை. உள்ளே புல்தரை, நீச்சல்குளம், பேஸ்பால் மைதானம் எல்லாம் உண்டு. ஒரு கோடை லீவில் பாஸ் வாங்கி மகனையும் கூட்டிக்கொண்டு போனார். மைதானத்து வேலியைத் தாண்டி வந்து விழுந்த பந்தை இவன் எடுத்துத் திருப்பி எறிந்தானாம். அங்கே நின்ற அத்தனை பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு யார் எறிந்தது என்று கேட்டார்களாம். என் கணவர் நெத்திலியைச் சுறா என்று சொல்லக்கூடியவர், அவர் பேச்சில் பாதியைத்தான் நம்பலாம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவனை அழைத்துப்போக ஒரு பெரிய வண்டி எங்கள் பில்டிங் வாசலில் வந்து நின்றது. அதை நானே பார்த்தேன்.

பேஸ்பால் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. பிட்சர் என்பவன் நடுவில் ஒரு மண்மேட்டில் நின்று, மட்டை பிடித்தவனை ஏமாற்றி, அவனுக்குப் பின்னால் குந்தியிருக்கிறவனின் கையுறைக்குள் பந்தை எறிய வேண்டும். ஓடிவர முடியாது. நின்ற இடத்திலேயே முழு உடம்பின் பலத்தையும் ஒரு கையில் ஏற்றி எறிய வேண்டும். அந்த ஆட்டத்தில் இடது கைக்காரனுக்குத் தனி மரியாதை. நொட்டாங்கையைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைக்கிற ஒரே இடம் பூமியில் அதுதான் என்று நினைக்கிறேன்.

பள்ளி முடித்ததும், பந்தெறிவதற்காகவே ஒரு அமெரிக்கக் கல்லூரி அவனுக்கு இடம் கொடுத்தது. கல்லூரிப் படிப்பு முடியும் முன்பே ஓர் அணி அவனை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்றால் உடனே பெரிய ஆட்டத்தில் இறக்கிவிட மாட்டார்கள். மேஜர் லீக் என்கிற மாடிக்குக் கீழே மைனர் லீக் என்று படிகள் இருக்கின்றன. சிங்கிள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ. ஒவ்வொரு படியிலும் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், காலி நாற்காலிகளுக்கு முன்னால் எறிந்து, மேலே இருப்பவர்கள் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த படி. ஊரில் என் நாத்தனார், என் கணவரின் தங்கை, போனில் கேட்பாள். "மைனி, புள்ள எப்ப டிவியில வருவான்?" அவளுக்குப் படிக்கணக்கைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் அவன் சாயங்காலம் ஆடினால் இங்கே விடிந்திருக்கும். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆர்த்தோ வார்டு நர்ஸ். காலை டியூட்டிக்குப் போகும் வேனில் போனைக் கைப்பையின்மேல் சாய்த்துவைத்துப் பார்ப்பேன். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்கும். போனுக்குள் அங்கே விளக்குகள் எரியும். பக்கத்து சீட் நர்ஸுகள் தூங்கி வழிவார்கள். யூனிஃபார்மின்மேல் கை வைத்தால் என் நெஞ்சு இடிப்பது தெரியும். அவன் சிங்கிள் ஏ-யைத் தாண்டியது அந்த வேனில்தான். டபுள் ஏ-யில் எறியத் தொடங்கியதும் அந்த வேனில்தான்.

அவன் முழங்கை போனதையும் அதே வேனில்தான் பார்த்தேன்.

பந்தை எறிந்தான். எறிந்தவன் பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் தன் முழங்கையைப் பார்த்தான். அவ்வளவுதான். மைதானத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, வர்ணனை செய்தவர் வேறு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஆர்த்தோ வார்டில் நின்ற எனக்கு அந்தப் பார்வை தெரியும். உள்ளே ஏதோ விட்டுப்போனவன்தான் தன் உறுப்பை யாரோ ஒருவருடையது மாதிரிப் பார்ப்பான். வேன் சிக்னலில் நின்றது. நான் போனை அணைத்துவிட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன்.

முழங்கையின் உட்பக்கத்து நார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும். உடம்பின் இன்னொரு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே கட்டுவார்கள். கட்டினது பிடித்தால் மறுபடி எறியலாம், பிடிக்காவிட்டால் அவன் ஏறிவந்த படியெல்லாம் வீண். எனக்கு விசா தேதி கிடைக்கவில்லை. ஊர்பேர் தெரியாதவர்களின் கைகளுக்கெல்லாம் நான் கட்டுப்போட்டுக்கொண்டு நிற்க, என் பிள்ளை அங்கே தனியாக ஆபரேஷனுக்குப் படுக்கப் போகிறான். அந்த வாரம் வார்டில் யாரிடமும் நல்ல வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை.

கோபாரில் முழங்கால் போட ஒரு கோயில் கிடையாது. அதனால் சமையலறை அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் மாதா படத்துக்கு முன்னால் நின்று நேர்ந்துகொண்டேன். எங்கள் கடற்கரையில் கால் நொந்தால் வெள்ளியில் கால், கண் நொந்தால் வெள்ளியில் கண் என்று வாங்கி மாதா கோயிலில் காணிக்கை போடுவது வழக்கம். வெள்ளியில் இடது கை ஒன்று போடுவதாக நேர்ந்தேன். நாத்தனாருக்குப் போன் செய்து, ஆபரேஷனுக்கு முன்னாலேயே கோயில் வாசல் கடையில் வாங்கிப் போட்டுவிடச் சொன்னேன். இடது கை என்று அழுத்திச் சொன்னேன். எந்தக் கைக்கு ஆபரேஷனோ அந்தக் கையில் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி போடுவது ஆஸ்பத்திரியில் என் வேலை. பக்கம் மாறிப்போவதைப்போல எங்களுக்குப் பயங்கரம் வேறு இல்லை.

காணிக்கை போட்டாயிற்று என்று அவள் போட்டோ அனுப்பினாள். பீடத்துக்குக் கீழே தட்டில் ஒரு சிறிய வெள்ளிக் கை. மெல்லிய தகட்டில் அச்சு அடித்தது. விரல் நகங்கள்கூடத் தெரிந்தன. நான் என் இரண்டு கைகளையும் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது வலது கை.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சிருக்க?"

"கேட்டேன் மைனி. கடையில எல்லாமே சோத்துக்கைதான் இருக்கு. அச்சே அப்படித்தானாம். இது தகடுதான, திருப்பிப் போட்டா இடது ஆயிரும்லா? மாதாவுக்குத் தெரியாதா?"

"திருப்பிப் போட்டியா?"

"போட்டேன். அது குழியாட்டு பாக்க நல்லாயில்ல. அதான் மறுபடி நிமித்தி வச்சேன்."

நான் போனை வைத்துவிட்டேன். திருப்பினால் இடது கைதான். ஆனால் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் குழி. அந்தக் குழிந்த கை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து மகன் வீடியோவில் வந்தான். மயக்கம் தெளிந்த முகம். இடது கையில் தோளிலிருந்து விரல்வரை கட்டு. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் தலைமுடியைக் கோத வலது கையை உயர்த்தினான். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு கட்டு.

"அது என்ன மக்களே?"

"நரம்பு இங்க இருந்து எடுத்தாங்கம்மா. லெஃப்ட் ஹேண்ட்ல அது இல்லையாம். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேக்கச் சொன்னாங்க. ரைட்ல மட்டும்தான் எழும்பிச்சு. இட்ஸ் நார்மல், சில பேருக்கு இருக்காதாம்."

அவன் சொன்னது சரி. மணிக்கட்டின் நடுவே ஓடுகிற அந்த மெல்லிய நாண் சிலருக்கு ஒரு கையில் இருக்காது, இல்லாததால் ஒரு குறையும் கிடையாது. அது அவனுக்கு முன்னமே எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு வேறு கணக்குப் போட்டது. நான் இடது கையை நேர்ந்தேன், போய்ச் சேர்ந்தது வலது கை, வெட்டி எடுத்ததும் வலது கையிலிருந்து. அவன் கட்டுப்போட்ட அந்தச் சோற்றுக்கையால் ஸ்பூனைப் பிடித்து எதையோ அள்ளித் தின்றான். பாதி மடியில் சிந்தியது. ஊட்டிவிட நான் அங்கே இல்லை.

நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியளா மைனி, மாதாவே அந்தக் கையக் கேட்டு வாங்கியிருக்கா. கடைக்காரன் தப்பு ஒண்ணும் இல்ல." அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் கேட்டு வாங்குகிறவள் அடுத்து எதைக் கேட்பாள் என்று யாருக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் சிங்க் முன்னால் நின்று என் பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கிப் பார்த்தேன். வலது கையில் நாண் கயிறுபோல் எழும்பியது. இடது கை தட்டையாகவே இருந்தது. இன்னொரு தரம் பார்த்தேன். ஏதோ விளையாட்டுப்போலக் கணவரைக் கூப்பிட்டு, விரல்களைச் சேர்க்கச் சொல்லி அவர் கைகளையும் பார்த்தேன்; அவருக்கு இரண்டிலும் இருந்தது. இவ்வளவு நாள் எனக்கே தெரியாமல், என்னிடம் இல்லாத ஒன்றைத்தான் நான் பிள்ளைக்குக் கொடுத்திருந்தேன். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

கட்டின நாண் பிடித்துக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு மேல் அவன் சுவரிலும் வலையிலும் எறிந்து எறிந்து, மறுபடி மண்மேட்டில் ஏறினான். அதற்கடுத்த சீசனில் ட்ரிபிள் ஏ-க்கு ஏற்றினார்கள். இனி ஒரே ஒரு படிதான் பாக்கி. என் கணவர் காம்பவுண்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கு மட்டும் அந்த ஆட்டங்களைப் பழையபடி பார்க்க முடியவில்லை. எல்லோரும் அவன் இடது கையைப் பார்ப்பார்கள். நான் பந்து பிடிக்கிற கையுறைக்குள் மறைந்திருக்கும் வலது கையைப் பார்ப்பேன். உள்ளே அந்தத் தழும்பு இருக்கிறது. நேர்ந்த இடது கை இன்னும் பாக்கி நிற்கிறது.

லீவில் ஊருக்குப் போனபோது நாகர்கோவிலில் ஒரு தட்டாரிடம் சொல்லி வெள்ளியில் இடது கை செய்து வாங்கினேன். அச்சு இல்லாததால் தட்டித்தான் செய்தார். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிக் கைகள் குவிந்து கிடந்தன. நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் வலது கை. எங்கள் கடற்கரையில் ஒருத்தருக்கும் இடது கையில் நோவே வந்ததில்லையா என்று ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. அவன் பேரில் போட்ட கை எது என்று அடையாளம் தெரியவில்லை.

"போடுங்க மைனி" என்றாள் நாத்தனார்.

கையைப் பெட்டியின் வாய்வரை கொண்டுபோனேன். போன தடவை எந்தக் கையைக் கொடுத்தோமோ அந்தக் கையைத்தான் வெட்டினார்கள். இப்போது இடது கையைக் கொடுத்தால் என்ன ஆகும்? குணமான கைக்கு நன்றி என்று எடுத்துக்கொள்வாளா, இல்லை அந்தக் கையையே எடுத்துக்கொள்வாளா? எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள்.

நான் வெள்ளிக் கையைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"நேர்ந்தத குடுக்காம போவப்பிடாது மைனி" என்றாள் அவள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"எனக்குத் தெரியும். நீ வா."

திரும்பி வந்தபோது தம்மாம் ஏர்போர்ட்டில் ஸ்கேனரில் அது தெரிந்துவிட்டது. அதிகாரி கைப்பையைத் திறந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இது என்ன என்று கேட்டார். தெரிந்த அரபியில், என் பையனுடைய கை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு "கலாஸ், யல்லா", முடிந்தது, போ என்று பையைத் தள்ளிவிட்டார். வீட்டில் அதை வலி மாத்திரையும் தைலமும் வைக்கும் தகர டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

அந்தக் கோடையில் மகன் போனில் ஒரு விஷயம் சொன்னான். மேல் அணியில் ஒருவனுக்குத் தோள்வலி, இவனைக் கூப்பிடக்கூடும், பையைக் கட்டித் தயாராக வை என்று சொல்லியிருக்கிறார்களாம். அந்த வாரம் ஒரு காலை, வேனில் போனைச் சாய்த்துவைத்தேன். நன்றாகத்தான் எறிந்துகொண்டிருந்தான். பிறகு ஒரு பந்தை எறிந்துவிட்டு முழங்கையைப் பார்த்தான். நான் சத்தம் போட்டிருக்க வேண்டும், வேனில் தூங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

அதே நார்தான், மறுபடி கிழிந்துவிட்டது. அவன் இடத்தில் வேறொருவன் மேலே போனான்.

குளிர் தொடங்கும்போது அவன் கோபாருக்கு வந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், எங்கள் எதிரில் உட்கார்ந்து சொன்னான். "இன்னொரு தடவ பண்ணலாம்னு டாக்டர் சொல்றார். இந்த வாட்டி கால்ல இருந்து எடுப்பாங்க. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். கலாஸ்மா. இனி என்னை எங்கயும் வெட்ட வேண்டாம். படிப்ப முடிக்கிறேன்." என் கணவர் எழுந்துபோய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசியின் ஃபில்டரைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சற்று நேரம் கழித்து மகன் தைலம் தேடித் தகர டப்பாவைத் திறந்தான். உள்ளே வெள்ளிக் கை கிடப்பது எனக்கு ஞாபகமே வரவில்லை.

"அம்மா, இது யாரு கை?"

"ஒன் கைதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். நேர்ந்தது, கடையில் வலது கை கொடுத்தது, அவன் மணிக்கட்டைப் பார்த்து நான் பயந்தது, கோயிலில் கொடுக்காமல் திரும்பி வந்தது. அவன் முதலில் சிரித்தான். பிறகு அந்தச் சிறிய கையைத் தன் இடது உள்ளங்கையில் வைத்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க, உன் கையக் காட்டு. விரலச் சேரு."

சேர்த்தேன். அவன் என் வலது மணிக்கட்டைப் பார்த்தான், இடதைப் பார்த்தான். தட்டையாக இருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினான். நான் ஒளித்துவைத்த கடைசி விஷயமும் போய்விட்டது.

"அப்ப இது உன் கை" என்றான், தன் இடது கையைக் காட்டி. "நான் எறிஞ்சதெல்லாம் உன் கையாலதான்."

எனக்கு அழுகை வந்தது. அவன் என் கையை விடாமல் சொன்னான். "நீ இதக் குடுத்திருந்தாலும் கிழிஞ்சிருக்கும்மா. குடுக்கலன்னு கிழியல."

"அது ஒனக்குத் தெரியும் மக்களே. எனக்குத் தெரியாதே."

அவன் வெள்ளிக் கையை டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டு, அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய பந்தை எடுத்துக்கொண்டு கீழே போனான். நான் ஜன்னலோரம் போய் வெங்காயத்தை எடுத்தேன். என் கணவர் ஃபில்டரைக் கையில் பிடித்தபடி கூடத்தில் நின்றார்.

டொப்.

இந்தத் தடவை அவருக்கும் கேட்டது. கத்தியை நிறுத்திவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தேன். வெகுநேரம் வரவில்லை. பிறகு வந்தது; மெதுவாக, வட்டத்துக்கு எங்கேயோ தள்ளிப் பட்ட மாதிரி. எட்டிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் சோற்றுக்கையால் எறிந்துகொண்டிருந்தான்.